மேசைமேல் இருக்கும் என் மேல்தாடை

அன்புள்ள குண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ எந்த ஊர்ச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இதைப் படிக்கிறாயோ தெரியாது, அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் இங்கே நலம் என்று வழக்கமாக எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். லாரி ஓட்டுகிற ஆளை இன்னும் குண்டு என்று எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, உன்னோடு வேலை செய்கிறவர்கள் எட்டிப் பார்த்தால் அந்த முதல் வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள். வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். இடது பக்க மேல்தாடையில் ஒரு துண்டை எடுக்கப் போகிறார்கள், அது உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் என் வாயைப் பற்றி மட்டும் இல்லை, உன் வாயைப் பற்றியும்தான். நான் ஆபரேஷனுக்குப் போவதற்கு முன்னால் நீ ஒரு பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. ஏன் என்று முறையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி, நடுப்பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி உண்டு.

ஃபோனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். அன்றைக்கு நீ அப்பாவிடம் கத்திவிட்டு வைத்ததிலிருந்து நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, எடுத்தாலும் 'வண்டி ஓட்டறேம்மா' என்று வைத்துவிடுகிறாய். அப்படியே நீ எடுத்தாலும் இந்தச் சின்ன வீட்டில் நான் என்ன பேசினாலும் அவர் காதில் விழும். அதனால் அலுவலகத்துக்கு வந்து, மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கத்து மேசைக்காரி தன் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள், காகிதம் பின்னால் தபாலில் வரும். அவள் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறாள், படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், பரவாயில்லை, அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இதில் இல்லை.

முதலில் வீட்டு விஷயம். லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது, நான் மாடியேறி வந்து வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. தண்ணீர் அலுவலகத்துப் புகார் மேசையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவள் வீட்டிலேயே தண்ணீர் இல்லை என்று படியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேலி செய்கிறார்கள். ஒருநாள் நானே வீட்டிலிருந்து என் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன், பக்கத்து மேசைக்காரிதான் எடுத்தாள், என் குரல் தெரிந்தும் தெரியாத மாதிரி 'உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம் மேடம், காத்திருங்க' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சிரித்த மாதிரி நினைவில்லை. உன் அப்பாவின் பட்டறை கொஞ்ச நாளாக மூடிக் கிடந்தது. முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு, பல்செட் தேய்க்கிற மோட்டாரின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார். யாராவது மணியடித்தால் கதவைப் பாதி திறந்து 'இப்ப செய்யறதில்லைங்க' என்று சொல்லி அனுப்பிவிடுவார். தெருமுனையில் முடிவெட்டுகிறவர் தன் மேல்செட்டைக் கீழே போட்டு உடைத்து, ஒட்டித் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார், பாவம், அது உள்ளேயே மாட்டிக்கொண்டது. அவர் வாயைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டு முடி வெட்டினாராம், ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தாராம். அவருடைய கடையில் பேச்சு நின்று போனதே தெருவுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

உனக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. பாதியை ஃபோனில் கேட்டாய், மீதியை நீயே கட்டிக்கொண்டு கோபப்பட்டாய். எனக்கு இடது பக்கம் கடைவாய்ப் பல் போன பிறகு உன் அப்பா செய்து கொடுத்த செட்டைத்தான் இத்தனை வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், கம்பியால் மற்ற பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அது. போன வருஷம் ஒருநாள் அதைக் கழற்றிக் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன், இடது பக்க அண்ணத்தில், ஈறை ஒட்டி, பாலாடை ஒட்டிக்கொண்டது போல ஒரு வெள்ளைத் திட்டு. துணியால் துடைத்தேன், போகவில்லை. விரலால் தேய்த்தேன், போகவில்லை. ஆனால் வலிக்கவும் இல்லை. வலிக்காத ஒன்றை நோய் என்று யாருக்குத் தோன்றும், விட்டுவிட்டேன். பிறகு அது ஓரத்தில் சிவந்தது, அப்புறம் புண்ணாகி, செட் போட்டால் குத்த ஆரம்பித்தது. நம் வீட்டில் வாயில் எது வந்தாலும் போகிற இடம் ஆஸ்பத்திரி இல்லை, முன்னறைதான். செட் குத்துகிறது என்றேன். 'குத்துதா, கொண்டா' என்று கையை நீட்டினார். உனக்குத்தான் தெரியுமே, எங்கே உரசுகிறது என்று பார்க்க உள்பக்கம் பசையைத் தடவி, வாயில் வைத்து எடுத்து, பசை அழிந்த இடத்தை மோட்டாரில் ஒரு தேய் தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். கொஞ்ச நாள் சுகமாக இருக்கும். மறுபடி குத்தும். மறுபடி கொண்டா என்பார். இப்படியே தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் செட் காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

அவர் தொழிலில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார், அதை நீ கெட்ட பழக்கம் என்று நினைக்க மாட்டாய். வந்தவர் வாயை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மற்ற பல்செட்காரர்கள் எல்லாம் உங்கள் ஈறு சரியில்லை, உங்கள் தாடை கோணல் என்று வந்தவர் தலையில் கட்டுவார்கள். இவர் மட்டும் 'தப்பு செட்டுலதாங்க இருக்கும், வாயில என்ன தப்பு' என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார். அந்த நல்ல குணம்தான் எங்களை ஏமாற்றியது. குத்துகிறது என்றதும் தன் கைவேலையில்தான் பிசகு என்று எடுத்துக்கொண்டார், என் வாயைச் சந்தேகப்படவே அவருக்குத் தோன்றவில்லை. ஊராருக்கெல்லாம் ஒரு விதி சொல்வார், ரெண்டு வாரம் செட்டைக் கழட்டி வெச்சிருங்க, அப்பவும் புண்ணு ஆறலைன்னா என்கிட்ட வராதீங்க, டாக்டர்கிட்ட போங்க என்று. எனக்கும் சொன்னார். நான்தான் மாட்டேன் என்றேன். செட் இல்லாமல் பேசினால் என் வாயில் விசில் அடிக்கும், நாள் முழுக்க ஃபோனில் பேசுகிற வேலை எனக்கு, எப்படி முடியும் என்று சண்டை போட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார். என்னோடு வாய் கொடுத்து ஜெயித்தவர் யார், உனக்குத் தெரியாதா.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்குக் கண்டுபிடித்தோம். செட் சரியாக உட்காரவில்லை, உள்ளே ஏதோ தடித்து அதைத் தள்ளியது, செட் வளைந்துவிட்டது என்றோம். கம்பி பிடித்திருந்த பல் ஆடியது, சொத்தையும் இல்லை வலியும் இல்லை, வயசாகிவிட்டது என்றோம். இடது பக்க மூக்கு அடைத்தது, ஏசி என்றோம். ஒருநாள் ஒருவர் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டார், நான் புகார் எண்ணைப் படித்துச் சொன்னேன், அவர் 'ஏம்மா, வாயில எதையாவது வெச்சுக்கிட்டுப் பேசறீங்களா, ஒண்ணும் புரியலையே' என்று எரிந்து விழுந்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரி சும்மா இருக்க மாட்டாள், என் ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டு 'வாயைத் தொறங்கக்கா' என்றாள். பார்த்தவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அரை நாள் லீவு என்று மேலாளரிடம் தானே சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள். அவளுக்கு நீ ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், மறந்துவிடாதே.

அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கையுறை போட்டுக்கொண்டு நாக்கைத் துணியால் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தாள், கன்னத்தை உள்ளும் வெளியுமாக இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள், தாடைக்குக் கீழே கழுத்தைத் தடவிப் பார்த்தாள். இத்தனை வருஷம் பல்செட்காரர் பெண்டாட்டியாக இருந்தும் வாயைப் பார்ப்பது என்றால் கழுத்தையும் பார்ப்பது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. 'எவ்ளோ நாளா இருக்கு' என்று கேட்டாள், நான் மழுப்பினேன், அவள் விடவில்லை. புண்ணின் ஓரத்தை மரத்துப்போக ஊசி போட்டு, கடுகளவு சதையை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாதா என்றேன், கண்ணால் பார்த்துச் சந்தேகப்படத்தான் முடியும், சதையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றாள். பிறகு ஸ்கேன். முடிவு வந்த அன்று உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். புற்றுநோய்தான், எலும்பையும் கொஞ்சம் தொட்டிருக்கிறது, கழுத்துக்கு இன்னும் இறங்கவில்லை, எடுத்துவிடலாம், அதற்கு மேல் கதிர் வைத்தியம் வேண்டுமா என்று எடுத்ததைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றாள். நான் புகை பிடித்ததில்லை, குடித்ததில்லை, எனக்கு எப்படி என்று கேட்டேன். அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் வந்துவிடுவது உண்டு என்றாள். உன் அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்து, செட் உரசினதால வந்ததா என்று கேட்டார். இதுதான் காரணம்னு ஒண்ணைக் கைகாட்டிச் சொல்ல முடியாதுங்க, உரசல் மட்டும் இதைக் கொண்டுவந்துடாது, லேட்டா வந்ததுதான் எங்களுக்குக் கஷ்டம் என்று அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் காதில் அது ஏறவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதற்கு நடுவில்தான் நீ வீடியோவில் கூப்பிட்டாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது, பயம்தான் உனக்குக் கோபமாக வரும், உன் அப்பாவுக்குப் பேச்சு நின்று போகும், எனக்கு வாய் நீளும், நம் மூன்று பேருக்கும் பயம் இப்படித்தான். ஆனாலும் நீ சொன்னது அதிகம். 'ஊரு வாயை எல்லாம் பார்க்கறீங்க, அம்மா வாயைப் பார்க்கத் தெரியலையா, தேய்ச்சுத் தேய்ச்சே கொன்னுட்டீங்களே' என்று முகத்தை ஃபோனில் ஒட்டவைத்துக்கொண்டு கத்தினாய். அவர் இமைகூட அசைக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஃபோனைப் பிடுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். மறுநாள் பட்டறையை மூடினார்.

இப்போது மேசைக்கு வருகிறேன். தாடையில் துண்டை எடுத்த பிறகு வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஓட்டையாகிவிடும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும், பேசினால் காற்றெல்லாம் மேலே போய்ச் சொல் உருப்படாமல் வெளியே வரும். அதை அடைக்க ஒரு தகடு வேண்டும், ஆபரேஷன் மேசையிலேயே அதை மாட்டிவிடுவார்களாம், ஆகவே முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். பல்செட் மாதிரிதான், செய்கிற முறையும் அதேதான். ஆஸ்பத்திரியிலேயே செய்கிறோம் என்றார்கள். நான் என் வீட்டுக்காரர்தான் செய்வார் என்று அடம் பிடித்தேன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 'செவ்வாய்க்கிழமைக்குள்ள கையில இருக்கணும், இல்லைன்னா எங்க ஆளுங்க அவசரத்துல ஒண்ணு செய்வாங்க, அப்புறம் பொருந்தலைன்னு என்னைச் சொல்லக் கூடாது' என்றாள். என் வாயை அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, பல்பு வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்துக் கொடுத்தார்கள். அதன்மேல் ஆபரேஷன் செய்யப்போகிற பெரிய டாக்டர் நீலப் பென்சிலால் கோடு போட்டிருந்தார், இதுவரைக்கும் எடுப்பேன் என்று. கோட்டுக்கு உள்ளே இடது பக்க முன்பற்களும் இருந்தன. தகடு செய்ய வேண்டும் என்றால் அந்தப் பற்களை முதலில் பிளாஸ்டரில் அறுத்து எடுத்து, இடத்தை மழமழவென்று ஆக்கிவிட்டு, அதன் மேல்தான் செய்ய வேண்டும். வியாழக்கிழமை டாக்டர் எனக்குச் செய்யப்போவதை உன் அப்பா அதற்கு முன்னாலேயே தன் கையால் ஒருமுறை செய்தாக வேண்டும்.

பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார், திறந்தார், கோட்டைப் பார்த்தார், மூடினார். 'என்னால முடியாது, ஆஸ்பத்திரியில குடுத்துடு' என்றார். நான் எடுக்கவில்லை. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டே சாப்பிட்டோம், அதாவது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் கரைத்த கஞ்சியைக் கரண்டியால் விழுங்கினேன். கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். என் தாடை மேசையில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது குண்டு, சாவைவிட, பேசினால் யாருக்கும் புரியாமல் போய்விடுமே என்றுதான் பயமாக இருந்தது. எனக்கு வேறு என்ன இருக்கிறது, நான் வாயால் பிழைத்தவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. பட்டறைக்குள் போய் அந்த மெல்லிய ரம்பத்தை எடுத்து வந்தேன், பழைய செய்தித்தாளை விரித்தேன், என் தாடையை இடது கையில் பிடித்துக்கொண்டு நானே அறுக்க ஆரம்பித்தேன். ரம்பம் வழுக்கியது, பிளாஸ்டர் தூள் மடியெல்லாம் கொட்டியது, என் முன்பல்லில் ஒன்று பாதியில் ஒடிந்து விழுந்தது, ஆனாலும் விடவில்லை. பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. 'ஐயையோ, கோட்டைத் தாண்டறே' என்று ஓடி வந்தார். கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று ரம்பத்தை விடாமல் கேட்டேன். 'தகடு ஆடும்டி, நீ பேசறப்ப கீழ விழும், ரம்பத்தை அப்படியா பிடிப்பாங்க, குடு இங்க' என்று பிடுங்கினார். கெட்ட வேலையைக் கண்ணால் பார்க்க முடியாத மனுஷன், பெண்டாட்டி கெஞ்சியதற்கு அசையாதவர் ரம்பம் கோணலாகப் போனதற்கு அசைந்துவிட்டார். அப்படியே அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கோட்டு மேலேயே அறுத்தார். ஒவ்வொரு பல்லாக எடுத்து வரிசையாகச் செய்தித்தாளில் வைத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, தோளால் துடைத்துக்கொண்டாரே தவிர கையை நிறுத்தவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் தடவையாக எனக்கு ஆபரேஷன் என்றால் என்னவென்று புரிந்தது, அழுதேன். அவரும் அழுதார். சேர்ந்து அழுது எத்தனை காலமாயிற்று.

சாயங்காலம் பட்டறையைத் திறந்து, மோட்டார் மேலிருந்த போர்வையை எடுத்துவிட்டு, தகடு செய்கிற பொடியையும் திரவத்தையும் கலந்தார். அந்த நெடி வீடு முழுக்கப் பரவியது. நான் வாசலிலேயே நின்றேன். வேலையிலிருந்து தலையைத் தூக்காமல், ஒன்றுமே நடக்காத மாதிரி, 'அவன் பொட்டலம் வெச்சுக்கறானா' என்று கேட்டார். யார் என்றேன். 'உன் மகன்தான். புகையிலைப் பொட்டலம், கீழ் உதட்டுக்குள்ள அடக்கிக்குவாங்களே. கத்தினப்போ உதடு மடங்குச்சு, பார்த்தேன். உள்ள வெள்ளையா, சுருக்கம் விழுந்து கெடக்கு. அந்த எடத்துல ஈறும் கீழ இறங்கியிருக்கு' என்றார். நீ அவரை அவ்வளவு பேச்சுப் பேசினாயே, அந்த நேரமெல்லாம் அவர் உன் வாய்க்குள்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அவர் மேல் பாய்ந்தேன். 'அம்மா வாயைப் பார்க்கத் தெரியாதவன்னு சொல்றான், நான் சொன்னா கேப்பானா? எனக்கே இப்ப என் கண்ணு மேல நம்பிக்கை இல்ல. நான் பார்த்தது பொய்யாவும் இருக்கலாம், வெளிச்சம் பட்டிருக்கலாம். நீ சொல்லு, நீ சொன்னா போவான்' என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். எப்போது ஆரம்பித்தாய் அந்தச் சனியனை? தூக்கம் வராமல் ஓட்ட என்று சொல்வாய், புகை இல்லையே, வாசனை இல்லையே, யாருக்கும் தெரியாதே என்று சொல்வாய். எனக்கும் வலி இல்லையே என்றுதான் இருந்தேன். இப்போதே வண்டியிலிருந்து இறங்கி, பக்கவாட்டுக் கண்ணாடியில் பார், நல்ல வெளிச்சத்தில், கையைக் கழுவிவிட்டு. கீழ் உதட்டை வெளியே இழுத்துப் பார், மேல் உதட்டையும், இரண்டு கன்னத்தையும், நாக்கை நீட்டி ஓரங்களையும், நாக்கைத் தூக்கி அடியையும், தலையை அண்ணாந்து அண்ணத்தையும். துடைத்தால் போகாத வெள்ளை, வெல்வெட் மாதிரி சிவப்பு, ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தடிப்பு, காரணமில்லாமல் ஆடுகிற பல், கழுத்தில் வலிக்காத கட்டி, முன்போல் வாய் அகலத் திறக்க முடியாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் சும்மா விடக் கூடாது. ஒன்றுமே கண்ணில் படாவிட்டாலும் போ, நீ பார்ப்பதும் டாக்டர் பார்ப்பதும் ஒன்றில்லை. பொட்டலத்தை நிறுத்தினாலே அந்த வெள்ளை பல பேருக்கு மறைந்துவிடுமாம், டாக்டரம்மாவிடம் உன்னைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆனால் மறையும் என்று தானாகக் காத்திருக்கக் கூடாது, காட்டிவிட்டு, அவர்கள் சொன்ன நாளில் மறுபடி காட்ட வேண்டும் என்றாள். சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் பயப்படாதே, எறும்பு கடித்த மாதிரிதான், உன் அம்மாவே தாங்கினாள். பொட்டலத்தை ஒரேயடியாக விட முடியவில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் அவர்களிடமே கேள், அதற்கும் மருந்து இருக்கிறதாம். அந்த வெட்டி இனிப்புப் பானங்களைக் குடித்துக்கொண்டே ஓட்டாதே, பல்லை அரித்துவிடும், தூங்குவதற்கு முன்னால் கட்டாயம் பல் தேய், தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல், வெயிலில் ஓட்டுகிறாய், உதட்டுக்கும் எதையாவது தடவு. இதையெல்லாம் நான் முன்பே சொல்லியிருக்கலாம், பல்செட்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

அப்பாவைக் கூப்பிடு. மன்னிப்பு எல்லாம் கேட்காதே, அவர் சங்கடப்படுவார், நீயும் திக்குவாய். தகடு எவ்வளவு கனம் வைத்தீர்கள், கம்பி எந்தப் பல்லில் பிடிக்கிறது என்று கேள். தொழிலைப் பற்றிக் கேட்டால் அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பேச்சு அப்படியே உன் உதட்டுக்கு வரும், வந்தால் கத்தாமல் உதட்டை மடக்கிக் காட்டு. அவர் கண் பொய் சொன்னதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பொய் சொல்லியிருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை, அவருக்கும் இல்லை.

தகடு தயாராகிவிட்டது. இன்று காலை மெருகேற்றித் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார், கண்ணாடி மாதிரி இருக்கிறது. முடிவெட்டுகிறவர் செட்டையும் நேற்று ஒட்டிக் கொடுத்துவிட்டார். நீ வர முடியாது என்று தெரியும், லீவு கேட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, பக்கத்து மேசைக்காரி என்னோடு ஆஸ்பத்திரியில் இருப்பாள். நீ நூறு வருஷம் பல்லோடு இருக்க வேண்டும், உன் வண்டி போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்க வேண்டும், எந்த வியாதியும் உன் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். இதைத் தவிர எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஆபரேஷன் முடிந்து எனக்குத் தெளிந்ததும் அப்பா உனக்கு ஃபோன் போட்டு என் வாயருகே பிடிப்பார், பேசிவைத்திருக்கிறோம். தகடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதலில் என் பேச்சு யாருக்கும் புரியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். உனக்கு ஏதோ ஒரு சத்தம்தான் கேட்கும். என்னம்மா, என்னம்மா என்று கேட்டு என்னைத் திரும்பச் சொல்லவைக்காதே. டாக்டரிடம் காட்டினாயா என்றுதான் கேட்டிருப்பேன். காட்டிட்டேம்மா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா